வேட்டைக்காரருக்கும் போட்டிக்காரருக்கும் ஒரே மைதானம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பின் படுவான்கரை ஆள். கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட ஊர். இங்கிலாந்தின் தெற்கில் தட்டுச் சுடும் மைதானம் ஒன்றில் 12 வருடம் வேலை செய்தேன். முதல் மூன்று வருடம் தட்டை எறியும் மெஷினுக்குத் தட்டு அடுக்குகிற வேலை. அப்புறம் மைதானத்தை அமைக்கிற வேலை. எந்தத் தட்டு எங்கிருந்து கிளம்பி எங்கே போய் விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அது.

கோயில் தேருக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கேள்விகள் காத்திருக்கும். வயல் காவலுக்குத் துவக்கு (துப்பாக்கி) வைத்திருந்த அப்பாவின் கூட்டாளிகள் கேட்பார்கள். ஒலிம்பிக் பார்த்த பொடியன்மார் கேட்பார்கள். டொரண்டோவிலும் லண்டனிலும் சொந்தமாக ஒரு மைதானம் தொடங்க நினைக்கும் மச்சான்மார் போன் எடுத்துக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

"இது என்ன விளையாட்டு மருமகன்? பறவையைச் சுடுறதா, தட்டைச் சுடுறதா?"

தட்டைத்தான் மாமா. 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் அளவு எடை. 'கிளே' என்று பெயர் இருந்தாலும் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்வது. ஒரு காலத்தில் கூட்டில் அடைத்த புறாக்களைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டார்கள். 1880-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் தட்டைக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் அடைத்த பறவையை விட்டுச் சுடுவதை 1921-இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள்.

இதில் பல பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் வரும் ட்ராப்பும் ஸ்கீட்டும் கபடிக் கோடு மாதிரி, எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே அளவு. நான் வேலை செய்தது ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்ற பிரிவில். அது மைதானத்துக்கு மைதானம் வேறு. காட்டோரம், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பத்து ஸ்டாண்ட், அதாவது நின்று சுடும் இடம், அளவில் அமைப்பார்கள். ஒருவர் ஸ்டாண்ட் ஸ்டாண்டாக நடந்து போய்ப் பெரும்பாலும் 100 தட்டுச் சுடுவார். அளவு நிலையாக இல்லாததால்தான் அமைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.

"வேட்டைக்காரனும் போட்டிக்காரனும் ஒரே துவக்கைத்தானே பிடிக்கிறாங்கள். அவங்களுக்குள்ள என்ன வித்தியாசம்?"

எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பருவ காலத்தில் பெசன்ட் என்ற கோழியினப் பறவை, புறா என்று வேட்டைக்குப் போகிறவர்கள் மற்ற மாதங்களில் கை மறக்காமல் இருக்க மைதானத்துக்கு வருவார்கள். அவர்களுக்குத் தட்டு பறவை மாதிரி வர வேண்டும். எதிர்பாராத பக்கத்திலிருந்து வர வேண்டும். மரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று கிளம்ப வேண்டும். துவக்கு தோளில் இல்லாமல் கையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். எண்ணிக்கை அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. 'அந்தக் கடைசிப் புறா நல்லா வந்தது' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

போட்டிக்காரர் கேட்பது வேறு. காலை 9 மணிக்குச் சுட்டவருக்கு வந்த தட்டு பகல் 2 மணிக்குச் சுடுபவருக்கும் அதே கோட்டில், அதே வேகத்தில் வர வேண்டும். ஒரு தட்டு வித்தியாசத்தில் கோப்பை கைமாறும் விளையாட்டு இது. அதிர்ஷ்டம் உள்ளே வந்தால் அவர் மறுமுறை வரமாட்டார்.

வேட்டைக்காரர் புதுமை கேட்கிறார், போட்டிக்காரர் நியாயம் கேட்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். எதிர் இல்லை. தட்டு போகும் கோடு புதுமையாக இருக்கட்டும், அந்தக் கோடு ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்கட்டும். புதுமை வேறு, தற்செயல் வேறு. இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் ரெண்டு மைதானம் போட்டாத் தீர்ந்துதே?"

காணியும் காசும் இருந்தால் போடலாம். ஆனால் தேவையில்லை மச்சான். மெஷினை நகர்த்தாமல் ஆளை நகர்த்துங்கள். ஒரு ஸ்டாண்டில் இரண்டு மெஷின். சுடுபவர் நிற்க மூன்று முளை அடியுங்கள், வெள்ளை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை முளையில் நின்றால் தட்டு ஏறக்குறைய நேராக உங்களை விட்டு விலகிப் போகும், புதியவரும் உடைப்பார். மஞ்சளில் நின்றால் அதே தட்டு சாய்வாகப் போகும். பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிச் சிவப்பு முளை. அங்கிருந்து பார்த்தால் அது முழுக் குறுக்குத் தட்டு. முன்னால் விட்டுச் சுட வேண்டிய இடைவெளி ஒரு சாணிலிருந்து ஒன்றரை மீட்டருக்குப் போய்விடும். மெஷினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

இரண்டு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முளையிலிருந்தும் சன்னம் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) எங்கே போகும் என்பதைத் தனித்தனியாக நின்று பார்க்க வேண்டும். வெள்ளையில் பாதுகாப்பான கோணம் சிவப்பில் பாதுகாப்பாக இருக்காது. அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரு முளையில் மட்டுமே ஆள். மற்றவர்கள் எல்லாரும் பின்னால்.

"முதலில என்னத்தைப் பார்க்கணும்? மெஷினையா, காணியையா?"

காணியை. மெஷின் எப்போதும் வாங்கலாம். இங்கிலாந்தில் சன்னம் விழும் திசையில் 275 மீட்டருக்கு ஆள், வீடு, பாதை, மாடு எதுவும் இருக்கக்கூடாது என்று கணக்கு வைக்கிறார்கள். ஓர் ஆள் அரைவட்டமாகத் துவக்கைத் திருப்பிச் சுட்டால் அந்த அரைவட்டம் மட்டும் ஏறக்குறைய 29 ஏக்கர். அதே ஆளை 60 பாகைக்குள் சுட வைத்தால் 10 ஏக்கர் போதும். அதனால்தான் சுடுபவரை இரும்புக் கம்பிக் கூட்டுக்குள் நிற்க வைக்கிறோம். கூட்டின் கம்பி துவக்கின் குழலைக் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் திரும்பவிடாது. தட்டு எப்படிப் பறந்தாலும் குழல் அந்தப் பக்கம் போகாது.

பத்து ஸ்டாண்டுக்குப் பத்து மடங்கு காணி வேண்டும் என்று பயப்பட வேண்டாம். எல்லாரும் ஒரே திசையை நோக்கி, விசிறி விரித்தாற்போல நின்றால் விழும் நிலத்தை எல்லா ஸ்டாண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

"275 மீட்டர் ஏன்? சன்னம் அவ்வளவு தூரம் போகுமா?"

தட்டுக்குப் பாவிக்கும் ஏழரை நம்பர் சன்னம் அவ்வளவு போகாது. சன்னத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 79 மீட்டர் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, ஜூர்னே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் வழங்குவது. ஏழரை நம்பர் 2.4 மில்லிமீட்டர், ஆகவே 190 மீட்டர் அளவு. பின்காற்றும் மேட்டு நிலமும் சேர்ந்தால் கூடும். 275-இல் அந்த இடைவெளி அடங்கிவிடும்.

ஆனால் நம்முடைய ஆட்கள் பன்றிக்கு வைத்திருப்பது எஸ்.ஜி. தோட்டா. அந்த உருண்டை 8 மில்லிமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 650 மீட்டரையும் தாண்டும். அப்படி ஒரு தோட்டா தவறிப்போய் மைதானத்துக்குள் வந்தால் மேலே சொன்ன காணிக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். வாசலிலேயே தோட்டாவைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். நான் இருந்த இடத்தில் மைதானமே தோட்டா விற்றது. வெளியிலிருந்து கொண்டுவந்தால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அந்த நாட்டுப் போட்டிகளில் ஒரு தோட்டாவில் 28 கிராமுக்கு மேல் சன்னம் இருக்கவும் கூடாது.

"சூரியன் எந்தப் பக்கம் இருக்கணும்?"

இங்கிலாந்தில் வடக்குப் பார்த்துச் சுட வையுங்கள், அவ்வளவுதான். சூரியன் எப்போதும் முதுகுப் பக்கம்தான். மட்டக்களப்பில் கதை வேறு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகைக்குள் இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஆனால் அது தலைக்கு நேர் மேலே இருப்பதால் தொல்லை குறைவு. தொல்லை காலையும் மாலையும். ஆகவே கிழக்கையும் மேற்கையும் தவிர்த்துவிட்டு வடக்கோ தெற்கோ பாருங்கள்.

மைதானம் அமைக்கத் தொடங்கிய முதல் வருடம் ஒரு ஸ்டாண்டை மேகம் மூடிய காலையில் அமைத்தேன். அருமையான தட்டு. போட்டியன்று வெயில் வந்தது. பிற்பகல் 3 மணிக்குச் சூரியன் மரத்துக்கு மேலே சரியாகத் தட்டு உடைய வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அதன் பிறகு அங்கே சுட்ட ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. வயதான ஒருவர் சண்டை போடாமல், 'நாங்கள் இன்று இரண்டு வேறு மைதானங்களில் சுட்டோம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல், ஒரு ஸ்டாண்டைக் காலையிலும் பகலிலும் மாலையிலுமாக மூன்று தடவை நின்று பார்க்காமல் திறப்பதில்லை.

"காத்து அடிச்சா என்ன செய்யுற?"

எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று கீழே அழுத்தும். நம்ம ஊர்க் கச்சான் காற்றில் உயரப் போகும் தட்டெல்லாம் பட்டம் மாதிரி அலையும். காற்றுக் காலத்தில் தாழ்வாக, வேகமாகப் போகும் தட்டுகளைப் போடுங்கள். மெல்ல மிதந்து இறங்கும் தட்டுகளை மர மறைவில் வையுங்கள்.

"தட்டில எத்தனை வகை? நம்மட பறவைகளோட ஒப்பிட்டுச் சொல்லுங்க, அப்பதான் விளங்கும்."

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். தட்டின் உருவத்தில் ஐந்து வகை. சாதாரணம் 11 சென்டிமீட்டர். நடுத்தரம் 9, சின்னன் 6. சின்னத்தட்டு கிட்ட இருந்தாலும் தூரத்தில் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். நான்காவது பட்டூ, அகலம் சாதாரணத் தட்டைப்போல, தடிப்பு ஒரு சென்டிமீட்டர் அளவு. அது விளிம்பு தெரியப் பறந்து வந்து, கடைசியில் புரண்டு முகத்தைக் காட்டிச் சடாரென்று விழும். ஐந்தாவது முயல். விளிம்பு தடித்த தட்டு, நிலத்தில் உருண்டு ஓடும்.

இனிப் பறக்கும் விதம். குளக்கரையில் சிறகிக் கூட்டம் ஒன்றைக் கலைத்துவிட்டால் எப்படி நெட்டாக மேலே எழும்பும்? அப்படி நேர் மேலே எறிவது ஒன்று. அதற்கு இங்கிலீசுக்காரரும் ஒரு வாத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வரம்பில் நடக்கும்போது கௌதாரி காலடியிலிருந்து கிளம்பித் தாழ்வாக நம்மை விட்டுப் பறக்கும், அது விலகும் தட்டு. கதிர் பழுத்த வயலுக்குக் கிளிக்கூட்டம் தலைக்கு மேலால் வரும், அது மேலோடித் தட்டு, கோபுரம் கட்டி எறிவார்கள். மாலையில் புறா வயலுக்குக் குறுக்கே போவது குறுக்குத் தட்டு. கொக்கு தண்ணீரில் இறங்கும்போது சிறகை விரித்து வேகம் குறைந்து வருவது இறங்கு தட்டு. சுடுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். லேசாகத் தெரிகிறதென்று காத்திருப்பார்கள், அதற்குள் அது விழத் தொடங்கிவிடும்.

ஒப்பிட்டுச் சொன்னது வடிவம் விளங்கத்தான். இந்தப் பறவைகள் ஒன்றின் மேலும் துவக்கை நீட்ட வேண்டாம். இதன் சட்டப் பக்கத்தைக் கீழே சொல்கிறேன்.

"முயல் தட்டு கல்லில பட்டுத் துள்ளுமே, அது நியாயமா?"

வேட்டைக்காரர் அந்தத் துள்ளலைத்தான் விரும்புவார். போட்டிக்காரர் அதைத்தான் வெறுப்பார். ஓடுபாதையைச் சமப்படுத்தி ரப்பர் விரிப்புப் போட்டால் தட்டு ஒரே மாதிரி ஓடும். பயிற்சி நாளில் விரிப்பை எடுத்துவிடுங்கள். கல் மட்டும் எந்த நாளிலும் இருக்கக்கூடாது, கல்லில் பட்ட சன்னம் திரும்பி வரும். நம்ம பக்கத்து மணல் நிலம் இந்த ஒன்றுக்கு அருமையானது.

"கஷ்டமாப் போட்டாத்தானே நல்ல மைதானம் எண்டு பேர் வரும்?"

இந்த நினைப்பில் அழிந்த மைதானங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமைப்பவர் தன் கெட்டித்தனத்தைக் காட்டத் தட்டை 50, 60 மீட்டருக்குத் தள்ளுவார். அந்தத் தூரத்தில் சன்னக் கூட்டம் ஐதாகிவிடும். சரியாகச் சுட்டாலும் தட்டு இடைவெளியில் தப்பிப் போகலாம். அது திறமையைச் சோதிப்பதில்லை. நான் பெரும்பாலான தட்டுகளை 20-க்கும் 35 மீட்டருக்கும் இடையில் உடையும்படி வைப்பேன். கடினத்தைக் கோணத்தில் வைப்பேன், வேகம் குறைகிற இடத்தில் வைப்பேன், கண் தவறாக வாசிக்கிற இடத்தில் வைப்பேன். ஏறிக்கொண்டிருப்பதுபோல் தெரியும், உண்மையில் இறங்கத் தொடங்கியிருக்கும். அந்த மாதிரித் தட்டைத் தவறவிட்டவர் கோபப்படமாட்டார். யோசித்துக்கொண்டு போவார், அடுத்த கிழமை திரும்பி வருவார்.

என் அளவுகோல் இது. 100 தட்டில் வெல்பவர் 90-ஐத் தாண்ட வேண்டும். முதல் தடவை துவக்குப் பிடித்தவர் வெள்ளை முளையில் நின்று பாதியாவது உடைக்க வேண்டும்.

"தட்டுக்கு எவ்வளவு முன்னால விட்டுச் சுடணும்?"

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர் தூரத்தில் குறுக்கே போகும் தட்டு. சன்னம் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். அதற்குள் தட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் போயிருக்கும். அவ்வளவு முன்னால் சுட வேண்டும். நேர் விலகும் தட்டென்றால் இடைவெளியே தேவையில்லை. அமைப்பவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஸ்டாண்டுகளைக் கலக்க வேண்டும். பத்து ஸ்டாண்டிலும் ஒன்றரை மீட்டரே வந்தால் சுடுபவருக்குச் சலித்துவிடும்.

"சோடியா எறிவாங்களாமே?"

ஆம். ஒன்றாகக் கிளம்பும் சோடி, முதல் வெடிச் சத்தம் கேட்டதும் இரண்டாவது கிளம்பும் சோடி, ஒன்று போன பின்னால் மற்றது தொடர்ந்து வரும் சோடி என்று மூன்று விதம். வேட்டைக்காரருக்கு முதல் விதம்தான் இயல்பு, காட்டில் பறவை முறைவைத்துக் கிளம்புவதில்லை. போட்டிக்கு இரண்டாவது விதத்தைக் கூட வைப்பேன், ஏனென்றால் இரண்டு தட்டையும் தனித்தனியாக அளக்கலாம். ஒன்றாக வரும் சோடியை வைப்பதானால் எதை முதலில் சுடுவது என்று யோசிக்க வைக்கும் சோடியாக வையுங்கள்.

"எங்கட ஆக்கள்ட்ட இருக்கிறது ஒத்தைக்குழல். சோடிக்கு என்ன செய்ய?"

ஒற்றைக்குழலோடு சோடிக்கு நின்று அவதிப்பட விடாதீர்கள். அந்த ஸ்டாண்டில் அவருக்கு இரண்டு தனித் தட்டுக் கொடுங்கள், எண்ணிக்கை ஒன்றேதான். துவக்கை மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, புதிதைப் போட்டு, நிமிர்ந்து, தயார் என்று சொல்ல நேரம் கொடுங்கள். அவசரப்படுத்தினால் குழல் எங்கே பார்க்கிறது என்பதை மறந்துவிடுவார். போட்டிக்குப் போகிறவர் மட்டும் இரட்டைக்குழலுக்கு மாறட்டும்.

"தட்டு எங்கால வரும் எண்டு முதலே காட்டுறதா? காட்டினா என்ன வேட்டை அது?"

போட்டியில் ஒவ்வொரு குழுவிலும் முதலில் சுடுபவருக்குத் தட்டைக் காட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்க்காததைச் சுடுவார், பின்னால் வருபவர் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சுடுவார். வேட்டைக்காரருக்கான நாளில் காட்டாமல் விடலாம். அல்லது 'தயார்' சொன்ன பின் இரண்டு, மூன்று விநாடி தாமதித்து எறியலாம். ஒலிம்பிக் ஸ்கீட்டிலேயே 3 விநாடி வரை தாமதம் உண்டு, ஆகவே போட்டிக்காரர் இதைக் குறை சொல்லமாட்டார்.

இருவரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர இன்னொரு வழி இருக்கிறது. பிரான்சில் 1921-இல் தொடங்கிய ஃபிடாஸ்க் என்ற சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி, தட்டு கண்ணுக்குத் தெரியும்வரை துவக்கைத் தோளில் வைக்கக்கூடாது. தோளின் உச்சியிலிருந்து 25 சென்டிமீட்டர் கீழே சட்டையில் ஒரு கோடு, துவக்கின் அடி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேட்டைக்காரர் காலம் காலமாக அப்படித்தான் நிற்கிறார். மாதத்தில் ஒரு நாள் இந்த விதியில் எல்லாரையும் சுட வையுங்கள். அன்று பழைய வேட்டைக்காரர்கள் முன்னுக்கு வருவார்கள்.

"எந்த ஸ்டாண்டை முதல்ல வைக்கிற, எதைக் கடைசியில?"

முதலாவது இலேசாக இருக்கட்டும். கார் ஓட்டி வந்தவரின் கை இன்னும் இளகியிருக்காது. மிகக் கடினமானது நடுவில். கடைசி ஸ்டாண்ட் பார்க்க அழகாக இருக்க வேண்டும். நான் எப்போதும் மேலே எழும்பும் சிறகித் தட்டைத்தான் கடைசியில் வைப்பேன். உடைந்த தூள் வானத்தில் விரியும்.

"மெஷின்காரனுக்கு ஆபத்து இல்லையா?"

மூன்று வருடம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் சொல்கிறேன், ஆபத்துச் சுடுபவரைவிட அவருக்குத்தான் கூட. மெஷினின் கை வில்லுச்சுருளால் இழுபட்டு நிற்கும். தட்டு இல்லாவிட்டாலும் அது விடுபடும்போது எலும்பை முறிக்கும். தூரத்தில் ஒருவர் பொத்தானை அமுக்கினால் போதும். ஆகவே மெஷினுக்கு முன்னால் போவதற்கு முன் கையை விடுவிக்க வேண்டும், மின்கலத்தைக் கழற்ற வேண்டும், சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடி ஏறினால் அந்த ஸ்டாண்டில் எல்லாத் துவக்கும் மடிந்து வெறுமையாக இருக்க வேண்டும். கொடியை ஏற்றியவர் மட்டுமே இறக்கலாம்.

மெஷின் முன்னால் இருந்தால் சன்னம் துளைக்காத மறைப்பும் கூரையும் கட்டாயம். சுடுபவர், பார்ப்பவர், பிள்ளைகள் எல்லாருக்கும் கண்ணாடி, காதடைப்பு, தொப்பி. உடைந்த தட்டின் சில் கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஒரு கூட்டாளிக்குப் புருவத்தில் பட்டது, இரண்டு சென்டிமீட்டர் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

"காணி சின்னன். பத்து ஸ்டாண்டுக்கு இடமில்லை. விட்டுர்றதா?"

வேண்டாம். கொம்பாக் என்ற முறையில் 5 ஸ்டாண்ட் ஒரே வரிசையில், 6 மெஷின், ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஐந்து பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று முறைவைத்துச் சுடுவார்கள், ஒவ்வொரு ஸ்டாண்டிலிருந்தும் அதே தட்டு வேறு கோணத்தில் தெரியும். மேலே சொன்ன மூன்று முளை யோசனையேதான், வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கிறது. விழும் நிலத்தின் 275 மீட்டர் மட்டும் குறையாது.

"வாவிக் கரையில போட்டா வடிவா இருக்குமே, வீடும் இல்லை, சனமும் இல்லை."

வடிவாகத்தான் இருக்கும். ஆனால் கூடாது. ஈயச் சன்னம் தண்ணீரில் விழுந்தால் வாத்தும் மற்ற நீர்ப்பறவைகளும் இரையை அரைக்கும் சிறுகல் என்று நினைத்து விழுங்கும், இரைப்பையில் கரைந்து நஞ்சாகிச் சாகும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பெப்ரவரி முதல் ஈரநிலத்திலும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடை. நம் வாவியில் மீனும் இறாலும் பிடித்துச் சாப்பிடுகிற சனம் இருக்கிறது.

உருக்குச் சன்னம் பாவிக்கலாமே என்பார்கள். பழைய துவக்குகளின் குழலை அது கெடுக்கும், கடினமான பொருளில் பட்டால் ஈயத்தைவிட வேகமாகத் திரும்பி வரும். வயலும் மேய்ச்சல் தரையும்கூட இதே காரணத்தால் வேண்டாம். தட்டில் இருக்கும் கீல் பன்றிகளுக்கு நஞ்சு. சூழலில் மக்கிப்போகும் தட்டுகள் இப்போது கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். வரண்ட மேட்டு நிலம், ஒரே இடத்தில் விழும்படி கோணம், சில வருடத்துக்கு ஒரு தடவை விழுந்த ஈயத்தைச் சலித்தெடுப்பது, இதுதான் முறை.

"சண்டை பாத்த சனம் நாங்கள். துவக்குச் சத்தம் இனியும் வேணுமா தம்பி?"

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. கொக்கட்டிச்சோலை 1987-இலும் 1991-இலும் கண்ட படுகொலைகளை நான் இங்கே எழுதத் தேவையில்லை, ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். இன்றும் யானைக்கு வெடி போட்டால் பெரியம்மா எழும்பிக் கதவைப் பூட்டுவார். வெளிநாட்டு மைதானங்கள் பக்கத்து வீட்டாரின் நித்திரையை யோசித்துச் சத்த நேரம் வைக்கின்றன. நம் ஊரில் யோசிக்க வேண்டியது அதைவிடப் பெரியது. குடியிருப்புக்குக் கேட்கும் தூரத்தில் இதைப் போட வேண்டாம் என்பதே என் பதில்.

பொடியன்மாரின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. தோட்டா இல்லாமல் ஒளிக்கற்றையால் சுடும் முறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டை இருக்கும், துவக்கிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, பட்டால் பலகையில் எண் ஏறும். சத்தம் ஒலிபெருக்கியில் வருவது, அதை நிறுத்திவிடலாம். சன்னம் இல்லை, ஈயம் இல்லை, 275 மீட்டரும் தேவையில்லை. கோணம், முளை, சோடி, வரிசை பற்றி மேலே எழுதிய எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும்.

"இஞ்ச சட்டப்படி ஏலுமா? பயிர்க்காவல் துவக்கோட வந்து பழகலாமா?"

ஏலாது. நம் நாட்டில் துவக்கு 1916-ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதியோடு வைத்திருப்பது. பயிர்க்காவலுக்கென்று கொடுத்தது பயிர்க்காவலுக்குத்தான். தட்டுச் சுட வேண்டுமென்றால் அரசின் அனுமதியுள்ள சுடும் இடத்துக்கும் சங்கத்துக்கும் போக வேண்டும். வேட்டையைப் பொறுத்தவரை, 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மான், மரை, மயில் எதையும் தொட முடியாது. இந்தப் பக்கத்தில் நான் 'வேட்டைக்காரர்' என்று எழுதியதெல்லாம் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளின் ஆட்களைத்தான்.

"ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு எண்டு எப்புடித் தெரியும்?"

புள்ளித் தாளைப் பாருங்கள் மச்சான். ஒரு ஸ்டாண்டில் எல்லாரும் 10-க்கு 10 எடுத்தால் அது ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் 2, 3 எடுத்தாலும் அப்படியே. நான் தேடுவது, நல்லவர் 9, நடுத்தரம் 6, புதியவர் 4 என்று விரிகிற ஸ்டாண்ட். ஒன்றிரண்டு ஸ்டாண்டிலாவது வேட்டைக்காரர்கள் போட்டிக்காரர்களை முந்த வேண்டும். பெரும்பாலும் அது மேலோடித் தட்டிலோ காட்டாமல் விட்ட தட்டிலோ நடக்கும். ஒரு தாளிலும் அப்படி நடக்கவில்லை என்றால் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அடுத்த கிழமை முளையை மாற்றுங்கள்.

தாளை விட்டுவிட்டு ஆட்களையும் பாருங்கள். சுட்டு முடித்தவர் அடுத்த ஸ்டாண்டுக்குப் போகாமல் பின்னால் நின்று, மற்றவருக்கு அதே தட்டு எப்படி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஸ்டாண்டை மாற்றாதீர்கள். நான் கடைசியாக அமைத்த மைதானத்தில் ஏழாவது ஸ்டாண்டுக்குப் பின்னால் புல் முளைக்கவே இல்லை. அவ்வளவு பேர் அங்கே நின்றார்கள்.